படுவான்கரைச் சின்னப் பள்ளிக்கூடம்: இரண்டாம் தவணை முடிவுச் செய்தி

ஆரம்பப்பிரிவு ரீச்சர்

எல்லோருக்கும் வணக்கம். நேற்றோடு இரண்டாம் தவணை முடிந்தது. முதலாம் தவணை முடிவில் எழுதியதைப் படித்துவிட்டு, வெளியூரில் இருக்கிற சிலர் இந்தத் தவணையும் எழுதச் சொல்லிக் கேட்டிருந்தீர்கள். பள்ளிக்கூடத்தின் பெயரைப் போடவில்லை. கொக்கட்டிச்சோலையைத் தாண்டி உள்ளுக்குள் வந்து போகிறவர்களுக்கு எதுவென்று தெரியும். மற்றவர்களுக்கு, மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில், நூறு பிள்ளைகள்கூட இல்லாத, ஒன்பதாம் தரம் வரை உள்ள பள்ளிக்கூடம் என்றால் போதும்.

பரீட்சை ஒழுங்காக நடந்தது. தமிழும் சமயமும் நன்றாகச் செய்திருக்கிறார்கள். சுற்றாடல் பரவாயில்லை. கணிதம் சொல்லும்படி இல்லை, அதைக் கடைசியில் சொல்கிறேன்.

வரவு இந்தத் தவணையில் எப்போதும் ஏறி இறங்கும். வைகாசியில் கண்ணகை அம்மன் கோயில் கதவு திறந்தால் வகுப்பு பாதியாகிவிடும். ஆடியில் தாந்தாமலைத் திருவிழா. இதை யாரும் பெரிதாக எடுப்பதில்லை, நாங்களும் சின்ன வயதில் அப்படித்தான். ஆனால் சிறுபோக நெல் வெட்டுத் தொடங்கித் தாயும் தகப்பனும் வட்டைக்குள் (வயல்வெளிக்குள்) இறங்கினால், மூத்த பிள்ளை சின்னதுகளைப் பார்க்க வீட்டில் நின்றுவிடும். அநேகமாக அது பொம்பிளைப் பிள்ளையாகத்தான் இருக்கும். இந்த முறை அப்படி நின்ற இரண்டு பேரை, "தம்பியையும் கூட்டிக்கொண்டு வா" என்று சொல்லிக் கூப்பிட்டோம். ஒன்றாம் தர வகுப்பின் மூலையில் பாய் போட்டுக் குட்டித் தம்பி தூங்குவான், அக்கா ஆறாம் தரத்தில் இருப்பாள். யாராவது அதிகாரி வந்து பார்த்திருந்தால் என்ன சொல்லியிருப்பாரோ தெரியாது. யாரும் வரவில்லை.

மதியச் சாப்பாடு நிற்காமல் நடந்தது. முட்டை போடும் நாளில் வரவு கூடுவதை இடாப்பைப் பார்த்தாலே கண்டுபிடிக்கலாம். காசு பிந்தினால் சமைக்கிற அம்மாமார் கடையில் கடன் சொல்லித்தான் சாமான் எடுக்கிறார்கள். அரிசியை இப்போது பள்ளிக்கூடத்தில் வைப்பதில்லை, அன்றன்றைக்கு வீட்டில் இருந்து கொண்டு வருகிறோம். காரணம் தெரியும்தானே. ஆனியில் ஒரு இரவு யானை வந்து சாமான் அறைச் சுவரைத் தள்ளிவிட்டுப் போயிற்று. அரிசி மணத்துக்கு வந்தது, வாழையையும் விடவில்லை. விடியப் போய்ப் பார்த்தால் பிள்ளைகள் சுவரைப் பற்றிக் கவலைப்படாமல், கால் தடத்துக்குள் இறங்கி நின்று யாருடைய கால் பெரிது என்று அளந்துகொண்டிருந்தார்கள்.

கிணறு வற்றிவிட்டது. கச்சான் காற்று (வறண்ட மேல்காற்று) அடிக்கத் தொடங்கினால் ஒவ்வொரு வருடமும் இதுதான். தண்ணீர் ஏற்றி வரும் பவுசர் வருகிற நாளில் தாங்கி நிரம்பும், வராத நாளில் மலசலகூடத்தைப் பூட்டி வைக்க வேண்டும். அன்றைக்கு மேல் வகுப்புப் பிள்ளைகள் சிலர் இடைவேளையோடு வீட்டுக்குப் போய்விடுவார்கள்.

ஒரு நல்ல செய்தி. மூன்றாம் தரத்தில் ஒருவன், தை மாதத்தில் எழுத்துகளைத் தனித்தனியாகச் சொல்லுவான், சேர்த்து வாசிக்க வராது. போன கிழமை சமையலுக்கு வந்த அரிசிப் பையில் இருந்த எழுத்தை விரலால் தொட்டுத் தொட்டு, "நா… நாட்… நாட்டரிசி" என்று வாசித்தான். வாசித்துவிட்டுச் சமைக்கிற அம்மாவிடம் போய், "இது நாட்டரிசியாம் கா" என்றான். அவ "அது எனக்குத் தெரியுமே மனே" என்று சொல்லிவிட்டு உலையில் போட்டா. நான் பக்கத்தில் சும்மா நின்றேன்.

கணித சேருக்கு இடமாற்றம் கிடைத்துவிட்டது, போகிறார். பதிலுக்கு ஆள் வரவில்லை. மூன்றாம் தவணை ஆறு தொடக்கம் ஒன்பது வரைக்கும் கணிதத்துக்கு யாரும் இல்லை.

வருகிற ஞாயிறு ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பரீட்சை. ஏழு பேர் எழுதுகிறார்கள். நிலையம் வேறு ஊரில். போக்குவரத்து இன்னும் ஒழுங்காகவில்லை.

தோணிக்காரன்

ரீச்சர், படித்துக்கொண்டு போக யானைக் கால் தடத்தில் சிரிப்பு வந்தது. நன்றி.

நான் அங்கே படித்த காலத்தில் மண்முனைத் துறையில் பாதையில், அதாவது வாவியைக் கடக்கிற மிதவைப் படகில், ஏறித்தான் மட்டக்களப்பு ரவுணுக்குப் போக வேண்டும். ரீச்சர்மார் பாதை வந்து சேர்ந்த பிறகுதான் வருவார்கள், முதலாம் பாடம் பலநாள் நடக்காது. மாரியில் காற்று அடித்தால் பாதை ஓடாது, அன்றைக்குப் பள்ளிக்கூடம் எங்களுக்கு விளையாட்டு மைதானம். 2014இல் பாலம் திறந்தபோது இனி எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடம் எழும்பிவிடும் என்று எல்லோரும் நினைத்தோம். நடந்தது வேறு. ரீச்சர்மார் நேரத்துக்கு வரத் தொடங்கினார்கள், பிள்ளைகள் அதே பாலத்தால் அந்தப் பக்கம் போகத் தொடங்கினார்கள். வசதி உள்ள வீட்டுப் பிள்ளை முதலில் போனது. பிறகு வசதி இல்லாதவனும் கடன் பட்டுப் பிள்ளையை ஏற்றுகிற வானுக்குக் காசு கட்டுகிறான். மிஞ்சினவர்கள்தான் இந்த நூறுக்குக் குறைந்த கணக்கு.

ரொறன்ரோ மாமி

வணக்கம் ரீச்சர். நான் படித்தது முதலைக்குடாப் பக்கம், கல்யாணம் முடித்து இங்கே வந்து கன காலம். எங்கள் குடும்பத்தில் அம்மாவின் ஆண்டுத் திவசத்துக்கு ஒவ்வொரு வருடமும் ஏதாவது செய்கிறோம். இந்த முறை உங்கள் பிள்ளைகள் எல்லோருக்கும் புத்தகப் பையும் கொப்பியும் தரலாம் என்று யோசிக்கிறோம். எத்தனை பை வேண்டும் என்று சொன்னால் போதும். அங்கே ஒருவர் வாங்கிக் கொண்டு வந்து தருவார்.

வட்டைவிதானை

மாமி, கோபிக்க வேண்டாம். என் பேத்தி ஒருத்தி அந்தப் பள்ளிக்கூடத்தில்தான் படிக்கிறாள். அவளிடம் இப்போது நான்கு பை இருக்கிறது. ஒன்றில் லண்டன் சங்கத்தின் பெயர், ஒன்றில் ஒரு வங்கியின் பெயர், ஒன்றில் செத்துப்போன யாரோ ஒரு ஐயாவின் படம். அந்த ஐயாவின் படம் போட்ட பையில் மகள் வெங்காயம் போட்டுக் கொழுவி வைத்திருக்கிறாள்.

பாடநூல் 1980இல் இருந்து அரசாங்கம் சும்மா தருகிறது. சீருடைத் துணி 1993இல் இருந்து. 2022இல் கொப்பி விலை ஏறின நேரத்தில் கொப்பி தந்தவர்களை நாங்கள் கையெடுத்துக் கும்பிட்டோம், அது உண்மை. இப்போது தேவை அது இல்லை. ரீச்சர் எழுதினதைத் திருப்பிப் படியுங்கள். கணக்குப் படிப்பிக்க ஆள் இல்லை, கிணற்றில் தண்ணீர் இல்லை, பரீட்சைக்குப் போக வான் இல்லை. பை இல்லை என்று எங்கேயாவது எழுதியிருக்கிறாவா?

தண்ணீர்க் கதையைக் கேட்டால் வயிறு எரியும். உன்னிச்சைக் குளத்துத் தண்ணீர் வவுணதீவில் சுத்தமாகி மட்டக்களப்பு ரவுணுக்குக் குழாயில் போகிறது. படுவான்கரையில் இருக்கிறவன் பவுசரைப் பார்த்துக்கொண்டு வாளியோடு நிற்கிறான்.

பின்வாங்குப் பெடியன்

வட்டைவிதானை ஐயா, ஒரு கேள்வி. உங்கள் பேரன் ஒருவன் ரவுண் பள்ளிக்கூடத்துக்கு வானில் போகிறான் என்று போன மாதம் நீங்களே இங்கே எழுதினீர்கள். பேத்தி ஊர்ப் பள்ளிக்கூடம், பேரன் ரவுண் பள்ளிக்கூடமா?

வட்டைவிதானை

ஓம் தம்பி, போகிறான். மகன் அனுப்புகிறான். விடிய ஐந்தே முக்காலுக்கு வான் வரும், பின்நேரம் ரியூசன் முடிந்து வர இருட்டிவிடும். அவனுக்கு வீட்டு நாயின் பெயர்கூட மறந்துபோகும். நான் சொன்னால் மகன் கேட்பானா? கணக்குக்கு ஆள் இல்லாத பள்ளிக்கூடத்தில் பிள்ளையை வைத்திருக்கச் சொல்லி மகனோடு சண்டை பிடிக்க எனக்கு நியாயம் இல்லை. பேத்தியை அனுப்பக் காசு காணாது, அதனால் அவள் இங்கே. பொம்பிளைப் பிள்ளை என்றபடியால் அப்படியா என்று கேட்பீர்கள். கேளுங்கள். நான் மகளிடம் அதைக் கேட்டு வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

சாகாமத்தான்

அம்பாறைப் பக்கத்தில் இருந்து எழுதுகிறேன். எல்லோரும் மனம் உருகிப் பேசுகிறீர்கள், நான் கொஞ்சம் மாறிப் பேசுகிறேன். நூறு பிள்ளை இல்லாத பள்ளிக்கூடத்துக்கு ஒன்பது தரம், ஒவ்வொரு பாடத்துக்கும் ஆசிரியர் என்றால் எந்த அரசாங்கத்தாலும் முடியாது. ஆறாம் தரத்துக்கு மேலே பக்கத்துப் பெரிய பள்ளிக்கூடத்தோடு சேர்த்துவிட்டு, இங்கே ஐந்தாம் தரம் வரைக்கும் நன்றாக நடத்தினால் என்ன? கணித சேர் இல்லாத வகுப்பில் பிள்ளையை இருத்தி வைப்பது பாசம் இல்லை.

தம்பிலுவில் அக்கா

சாகாமத்தான் தம்பி, நம்மட பக்கத்திலேயே பார்த்திருப்பீர்களே. திருக்கோவிலுக்கு உள்ளே, தங்கவேலாயுதபுரம், கஞ்சிகுடிச்சாறு போன்ற இடங்களில் பிள்ளை மேல் வகுப்புக்குத் தூரம் போவதென்றால் சைக்கிள், அல்லது எப்போதாவது வரும் பஸ். பின்நேரம் யானை றோட்டைக் கடக்கிற இடத்தால் பன்னிரண்டு வயதுப் பொம்பிளைப் பிள்ளையைத் தனியாக அனுப்ப எந்தத் தாய் சம்மதிப்பாள்? கொஞ்ச நாள் தகப்பன் ஏற்றி இறக்குவார். வேலைக் காலம் வந்தால் அதுவும் நின்றுபோகும். பள்ளிக்கூடத்தை மூடினதாகக் கடிதத்தில் இருக்காது, பிள்ளை நின்றதாகவும் எங்கேயும் இருக்காது.

சேர்க்கிறது என்றால் முதலில் பஸ்ஸை விடட்டும். ஒரு வருடம் ஒழுங்காக ஓடட்டும். பிறகு கதைப்போம்.

சாகாமத்தான்

பஸ் விஷயம் சரி, ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் "பஸ் வரும் வரைக்கும்" என்று சொல்லிச் சொல்லி இன்னும் எத்தனை வகுப்புப் பிள்ளைகள் கணிதம் இல்லாமல் ஓ.எல். (சாதாரணதரப் பரீட்சை) வரைக்கும் போவார்கள்? கணிதம் சித்தி இல்லை என்றால் ஏ.எல். (உயர்தர) வாசலே அடைத்த மாதிரித்தான். இரண்டு பக்கமும் நட்டம் பிள்ளைக்குத்தான்.

இடமாற்றம் கேட்ட சேர்

நான் அந்தப் பள்ளிக்கூடத்துச் சேர் இல்லை, ஆனால் அதே மாதிரி ஒரு அதிகஷ்டப் பிரதேசப் பாடசாலையில் கணிதம் படிப்பித்துவிட்டு வந்தவன். இடமாற்றம் கேட்கிறவனைத் துரோகி மாதிரி யாரும் எழுதவில்லை, அதற்கு முதலில் நன்றி. வழக்கமாக எழுதுவார்கள்.

என் கதையைச் சொல்கிறேன். வாவிக்குக் கிழக்கே எழுவான்கரையில் வீடு, மனைவியும் ஆசிரியை, சின்னப் பிள்ளை. ஒரு நாளுக்கு மோட்டார் சைக்கிளில் போய்வர எண்பது கிலோமீட்டருக்கு மேல். பெற்றோல் வரிசை நின்ற 2022இல் சைக்கிளில் பாதி, பஸ்ஸில் பாதி என்று போனேன். மாரியில் வாய்க்கால் றோட்டுக்கு மேலே ஓடும்போது மோட்டார் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போயிருக்கிறேன். ஊர்ச்சனம் தங்கமான சனம், பூசணிக்காயும் தயிர்ச் சட்டியும் இல்லாமல் வெள்ளிக்கிழமை விடமாட்டார்கள். ஆனாலும் சேவைக் காலம் முடிந்ததும் இடமாற்றம் கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது என்று எனக்கு இன்றைக்கும் தோன்றவில்லை.

வெளியில் இருந்து வருகிறவன் போகத்தான் செய்வான். ஆசிரியர் விடுதி ஒழுங்காக இருந்தால் ஒரு வருடம் கூட நிற்பான், அவ்வளவுதான். நிற்கிறவர் யார்? உள்ளூரில் பிறந்து, படித்து, உள்ளூருக்கே நியமனம் வாங்கினவர். இந்த இழையைத் தொடங்கின ரீச்சரே அப்படித்தான் என்று நினைக்கிறேன். அப்படியானால் படுவான்கரையில் இன்றைக்கு ஓ.எல். எழுதுகிற பிள்ளைகளில் கணிதம் வருகிற நான்கைந்து பேரைக் கண்டுபிடித்து, ஏ.எல். முடியும் வரைக்கும் கைவிடாமல் பார்த்து, தாழங்குடாக் கல்வியியற் கல்லூரிக்கு அனுப்புவதுதான் வேலை. அதற்கு ஆறேழு வருடம் போகும். அதனால்தான் யாரும் அதற்குக் காசு தருவதில்லை. பை கொடுத்தால் அன்றைக்கே படம் எடுக்கலாம்.

ஆரம்பப்பிரிவு ரீச்சர்

சேர் சொன்னது சரி, நான் இந்தப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைதான். தாழங்குடாவில் படித்துவிட்டுத் திரும்பி வந்தேன். எனக்கு இங்கே வாடகை இல்லை, பெற்றோல் இல்லை, அம்மா சமைத்து வைப்பா. அதனால் நான் நிற்பதைத் தியாகம் என்று யாரும் எழுத வேண்டாம்.

சாகாமத்தான் அண்ணன் கேட்டதற்குப் பதில். மேல் வகுப்புக்கு நீங்கள் சொன்னதில் நியாயம் இருக்கிறது. ஆரம்பப் பிரிவில் பிள்ளை குறைவு என்பது குறை இல்லை. என்னிடம் மூன்றும் நான்கும் ஒரே மண்டபத்தில். கரும்பலகையில் நடுவில் ஒரு கோடு, இடப்பக்கம் மூன்றாம் தரம், வலப்பக்கம் நான்காம் தரம். நான்காம் தரத்துக்கு வகுத்தல் போட்டுக்கொண்டிருக்கும்போது, சொல்வதெழுதல் எழுத வேண்டிய மூன்றாம் தரப் பிள்ளை ஒருத்தி குனிந்தபடியே விடையைச் சொல்லிவிடுவாள். அடுத்த வருடம் அந்தப் பாடம் வரும்போது அவளுக்குப் பாதி தெரிந்திருக்கும். நான்காம் தரத்தில் பிந்தின பிள்ளை மூன்றாம் தரப் பக்கத்துக்கு வந்து வாசிப்பான், அவனுக்கு வெட்கமும் இல்லை, மற்றவர்களுக்கு அது செய்தியும் இல்லை. நாற்பது பேர் உள்ள வகுப்பில் அரிசிப் பைக்காரனை யார் கவனித்திருப்பார்கள்?

சத்தம்தான் பிரச்சினை. ஒரு பக்கம் வாய்ப்பாடு சொன்னால் மறுபக்கம் எழுத முடியாது. அப்போது ஒரு வகுப்பை வேப்பமரத்தடிக்கு இறக்கிவிடுவேன். மாரியில் அதுவும் முடியாது.

தோணிக்காரன்

பை கொடுத்துப் படம் எடுக்கிற கதை வந்தபடியால் ஒன்று சொல்ல வேண்டும். போன வருடம் ஒரு பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளை வெயிலில் வரிசையாக நிறுத்தி, ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, பையைப் பிடிக்கச் சொல்லிப் படம். நன்கொடையாளர் இல்லை, அவருக்குப் பதிலாக அவருடைய பெயர் போட்ட பதாகை. படம் எல்லாம் பேஸ்புக்கில் முகம் தெரிய, "வறுமைக் கோட்டின் கீழ்" என்று தலைப்போடு. அதில் இருந்த பிள்ளை ஒருத்திக்கு இப்போது பதினான்கு வயது. ரவுண் ரியூசன் வகுப்பில் யாரோ அந்தப் படத்தை எடுத்துக் காட்டிச் சிரித்திருக்கிறார்கள். அவள் அந்த வகுப்பை விட்டுவிட்டாள். உதவி செய்கிறவர்கள் படம் வேண்டும் என்றால் சுவரைப் படம் எடுங்கள், கிணற்றைப் படம் எடுங்கள்.

ரொறன்ரோ மாமி

எனக்குக் கோபம் இல்லை. வட்டைவிதானை அண்ணன் எழுதின வெங்காயக் கதையை வீட்டில் வாசித்துக் காட்டினேன், எல்லோரும் சிரித்தோம். எங்கள் அம்மாவின் படம் போட்ட பையிலும் இப்போது யாரோ வெங்காயம் வைத்திருப்பார்கள். அம்மாவுக்கு அதில் சந்தோசம்தான், அவ எந்தப் பையையும் எறிய விடமாட்டா.

சரி, பை இல்லை. நேரே கேட்கிறேன். ரீச்சர், என்ன செய்யலாம்? காசை யாருக்கு அனுப்புவது? தனி ஆளின் கணக்குக்கு அனுப்ப என் மகன் விடமாட்டான், முன்பு ஒருமுறை சூடு கண்டவன்.

ஆரம்பப்பிரிவு ரீச்சர்

மகன் சொல்வது சரி மாமி. என் கணக்குக்கு நானே வாங்க மாட்டேன். பாடசாலை அபிவிருத்திச் சங்கத்துக்கு வங்கிக் கணக்கு இருக்கிறது. அதிபரும் செயலாளரும் பொருளாளரும் இருக்கிறார்கள், வருகிற காசுக்குப் பற்றுச்சீட்டு உண்டு. அதிபரிடம் பேசி, அவர் எழுத்தில் கேட்டபடி அனுப்புங்கள். கொஞ்சம் பிந்தும், ஆனால் நாளைக்கு யாரும் வாய் திறக்க முடியாது.

தேவை என்று கேட்டால், முதலாவது கணிதம். ஊரில் ஏ.எல். கணிதப் பிரிவில் படித்து, பல்கலைக்கழக அனுமதிக்காக வீட்டில் இருக்கிற ஒரு பிள்ளை இருக்கிறாள். பதில் சேர் வரும் வரைக்கும் கிழமையில் மூன்று நாள் வந்து படிப்பிக்கத் தயார். அவளுக்கு மாதம் ஒரு கொடுப்பனவு வேண்டும், சும்மா வரச் சொல்லிக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. இதற்கு அதிபர் மேலிடத்தில் அனுமதி எடுக்க வேண்டும், கேட்டிருக்கிறார்.

அடுத்தது தண்ணீர்த் தாங்கி இன்னொன்று. இருக்கிறது காணாது, பவுசர் வந்தாலும் பிடித்து வைக்க இடம் இல்லை. மாரியில் கூரைத் தண்ணீரையும் அதற்குள் விடலாம்.

மற்றது போட்டோ கொப்பி. ஐந்தாம் தரத்துக்கு மாதிரி வினாத்தாள் அடிக்க இந்தத் தவணை முழுக்க என் கைக்காசுதான் போனது. இது சின்ன விஷயம், ஆனால் ஒவ்வொரு கிழமையும் வரும்.

பின்வாங்குப் பெடியன்

ஐந்தாம் தரம் என்றதும் கேட்கிறேன். அந்த ஏழு பேரில் எத்தனை பேர் வெட்டுப்புள்ளிக்கு மேலே எடுப்பார்கள்? பத்திரிகையில் படம் வருமா?

ஆரம்பப்பிரிவு ரீச்சர்

தம்பி, இரண்டு தாளுக்கும் சேர்த்து 200 புள்ளி. ரவுணில் மூன்றாம் தரத்தில் இருந்தே இதற்கு ரியூசன் போகிற பிள்ளைகளோடு இவர்கள் எழுதுகிறார்கள். ஒருத்தி எடுக்கக்கூடும், யாரென்று எழுதமாட்டேன், அவளுக்கும் சொல்லவில்லை. மற்றவர்கள் 70க்கு மேலே எடுத்தால் எனக்குப் போதும். இரண்டு பேருக்கு அதுவே கஷ்டம். அந்த இரண்டு பேரில் ஒருவன்தான் பள்ளிக்கூடத்தில் மின்விளக்கு எரியவில்லை என்றால் வயரைப் பார்த்துச் சொல்கிறவன். அதற்கு இந்தத் தாளில் கேள்வி இல்லை.

ஞாயிறுக்கு வான் பிடிக்க இன்றைக்கு விசாரித்தேன். கேட்கிற காசு கூட. ஏழு பிள்ளைகள், நான், இரண்டு அம்மாமார்.

ரொறன்ரோ மாமி

வான் காசை நான் இன்றைக்கே அனுப்பலாம். தங்கச்சி களுவாஞ்சிக்குடியில் இருக்கிறாள், கொண்டு வந்து கையில் தருவாள். படம் வேண்டாம்.

வட்டைவிதானை

மாமி, அதைக் கணித ரீச்சருக்கு வையுங்கள். பேரனை ரவுணுக்கு ஏற்றுகிற வான் ஞாயிறு சும்மாதான் நிற்கும், ஓட்டுகிறவன் என் மருமகன். டீசல் அடித்தால் போதும் என்கிறான். ரீச்சர், எத்தனை மணிக்கு வரச் சொல்ல?

ஆரம்பப்பிரிவு ரீச்சர்

நன்றி ஐயா. ஆறு மணிக்குப் பள்ளிக்கூட வாசலுக்கு வரச் சொல்லுங்கள். கடைசி வீட்டுப் பிள்ளையை மட்டும் குளக்கட்டில் வைத்து ஏற்ற வேண்டும், இருட்டோடு நடந்து வர விடமுடியாது. அனுமதி அட்டைகள் என்னிடம் இருக்கின்றன. பெற்றோர் யாராவது இதைப் படித்தால், பென்சில் இரண்டு, தண்ணீர்ப் போத்தல், விடியச் சாப்பிட ஏதாவது. புதுச் சப்பாத்து போட்டு அனுப்ப வேண்டாம், கால் கடித்தால் எழுத மாட்டார்கள்.